பணியிட நகைச்சுவைத் தொடர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியிடத்தை வைத்து நகைச்சுவைத் தொடர் எழுதப் புறப்படுகிறவர்கள் முதலில் தேடுவது வேடிக்கையான ஆட்களைத்தான். ஓர் அசட்டு மேலாளர், ஒரு சோம்பேறி, வம்பளக்கவே வேலைக்கு வரும் ஒருவர், நடுவில் அரும்பும் ஒரு காதல். மேசை நாற்காலி போட்டு, கணினியும் வைத்துவிட்டால் அலுவலகம் தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். சில எபிசோடுகள் வரை அது ஓடவும் செய்யும். அதற்குமேல் பார்வையாளர்கள் சிரித்தாலும் யாருக்காகவும் அவர்கள் மனம் இளகுவதில்லை. அந்த அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை என்பதுதான் காரணம். நான் பார்த்தவரை இந்த வகையில் நேரும் தவறுகளில் பாதி இந்த ஒரு தவறிலிருந்து கிளைத்தவை.

குடும்பத்தைப் பிறப்பு சேர்த்துவைக்கிறது. நண்பர்களை நாமே தேடிக்கொள்கிறோம். பணியிடத்தில் ஆட்களைச் சேர்த்துவைப்பது சம்பளம். பிடிக்காதவர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார வேண்டும். கோபம் வந்தாலும் எழுந்து போய்விட முடியாது. விடிந்தால் மறுபடியும் அதே முகம். சிரிப்பும் இந்த நெருக்கடியிலிருந்துதான் பிறக்கிறது, யாரும் எதிர்பார்க்காத பாசமும் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே அங்கே என்ன வேலை நடக்கிறது, இன்று எதை முடித்தாக வேண்டும், எதற்குப் பணம் போதவில்லை, யார் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பதெல்லாம் எழுதுகிறவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'அபாட் எலிமெண்டரி' தொடரின் முதல் எபிசோடில் இது அழகாகத் தெரியும். பிலடெல்பியாவில் வசதி குறைந்த ஓர் அரசுப் பள்ளி. இளம் ஆசிரியை ஜனீனுக்கு வகுப்பறையில் விரிக்க ஒரு புதிய கம்பளம் வேண்டும். பழையதை ஒரு குழந்தை ஈரமாக்கிவிட்டது. கதை அவ்வளவுதான். பள்ளிக்குக் கிடைத்த பணத்தில் தலைமை ஆசிரியை தன் முகம் போட்ட பெரிய பெயர்ப்பலகை வாங்கிவிடுகிறார். கடைசியில், யாரையோ தெரிந்துவைத்திருக்கும் ஒரு சக ஆசிரியை மூலமாகத்தான் கம்பளம் வந்து சேர்கிறது. எல்லாச் சிரிப்பும் அந்தக் கம்பளத்தைச் சுற்றியே நடக்கிறது. குழந்தைகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நமக்குப் புரிந்துவிடுவதால், அது வகுப்புக்கு வரும்போது கண்ணும் கலங்குகிறது. தொடரை உருவாக்கி, ஜனீனாகவும் நடித்த குவின்டா பிரன்சனின் தாயார் பிலடெல்பியாவில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். கம்பளத்தின் அருமை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த தவறு, பாத்திரங்களுக்குத் தாங்கள் வேடிக்கையானவர்கள் என்று தெரிந்திருப்பது. ஒவ்வொருவரும் மாறி மாறி நகைச்சுவைத் துணுக்கு சொல்லிக்கொண்டிருந்தால், எல்லோரும் எழுத்தாளரின் குரலிலேயே பேசுவதாக ஆகிவிடும். நல்ல பாத்திரம் தன் காரியத்தில் கண்ணாக இருக்கும். சிரிப்பது நம் வேலை, அதன் வேலை இல்லை.

அமெரிக்காவின் 'தி ஆபீஸ்' தொடரில் 2009இல் வந்த ஓர் எபிசோடின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் கெவின், இரவெல்லாம் கண்விழித்துக் காய்ச்சிய இறைச்சிக் குழம்பைப் பெரிய பாத்திரத்தோடு அலுவலகத்துக்குத் தூக்கி வருகிறான். அதைச் செய்யும் பக்குவத்தை அவனுடைய குரல் பின்னணியில் பெருமையோடு விவரித்துக்கொண்டிருக்கிறது. பாத்திரம் கை நழுவுகிறது. குழம்பு முழுவதும் தரை விரிப்பில். அவன் யாரையும் கூப்பிடவில்லை. அகப்பட்ட காகிதங்களாலும் எழுது அட்டையாலும் வாரி வாரிப் பாத்திரத்தில் போடப் பார்க்கிறான். வழுக்கி அதிலேயே விழுகிறான். பின்னணிக் குரலின் பெருமிதம் மட்டும் கடைசிவரை குறையவில்லை. வசனமாக எடுத்துப் பார்த்தால் இதில் துணுக்கு என்று ஒன்றுமே கிடையாது. வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். அவன் இதைச் செய்தது மற்றவர்களுக்குப் பரிமாறத்தான் என்ற நினைப்பும் கூடவே வருவதால் நெஞ்சில் ஒரு வலியும் சேர்கிறது. சிரிப்புக்கு ஒரு காட்சி, நெகிழ்வுக்கு ஒரு காட்சி என்று தனித்தனியாகப் பிரிக்கிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மேலாளர் பாத்திரத்தில் நேரும் தவறு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் உருவாக்கிய பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' 2001இல் வந்தது. அதன் மேலாளர் டேவிட் பிரென்ட் தன்னை மகா நகைச்சுவையாளன் என்று நம்பும் மனிதர். அவர் வாயைத் திறந்தாலே நமக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். 2005இல் கிரெக் டேனியல்ஸ் அதை அமெரிக்காவுக்கு மாற்றியபோது, முதல் எபிசோடு பெரும்பாலும் மூலத் திரைக்கதையை ஒட்டியே அமைந்தது. ஆறே எபிசோடுகள் கொண்ட அந்த முதல் சீசனில் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைச் சகிப்பதே சிரமமாக இருந்தது. இத்தனை அசடும் இத்தனை குரூரமும் உள்ள ஒருவரை ஏன் இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தொடரில் பதில் இல்லை.

இரண்டாம் சீசனில் பதில் கிடைத்தது. ஒரு பெரிய வாடிக்கையாளரை மடக்க மைக்கேலும் அவருடைய மேலதிகாரி ஜேனும் ஓர் உணவகத்துக்குப் போகிறார்கள். மைக்கேல் வியாபாரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஜோக் அடிக்கிறார், சாப்பிடுகிறார், குடிக்கிறார், மணிக்கணக்கில் அரட்டை அடிக்கிறார். ஜேனுக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. கடைசியில் மைக்கேல் மெதுவாக விஷயத்துக்கு வருகிறார், ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அசடு என்று நாம் நினைத்த அதே குணம்தான் அவரை அருமையான விற்பனையாளராக்கியிருக்கிறது என்று ஜேனுக்கும் நமக்கும் ஒரே சமயத்தில் உறைக்கிறது. அசட்டு மேலாளருக்கு ஏதாவது ஒன்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய அசட்டுத்தனத்தை மன்னிக்க நமக்கு மனம் வரும்.

2009இல் தொடங்கிய 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' தொடரும் ஆறு எபிசோடு முதல் சீசனில் இதே இடத்தில் இடறியது. நகராட்சி ஊழியர் லெஸ்லி நோப் வேலையில் காட்டும் ஆர்வம் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. இரண்டாம் சீசனில் அவளுடைய ஆர்வம் குறையவில்லை. சக ஊழியர்கள் அவளைப் பார்க்கும் பார்வை மாறியது. அவளால் சலித்துப்போனவர்களே அவளுடைய உழைப்பை மதிக்கத் தொடங்கினார்கள். பாத்திரத்தை அடியோடு மாற்றி எழுதுவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை மாற்றிப் பார்ப்பது நல்லது.

நெகிழ்வை வசனத்தில் கொட்டுவது இன்னொரு தவறு. எபிசோடின் கடைசி இரண்டு நிமிடத்தில் இசை மெல்ல எழும். ஒருவர் எழுந்து நின்று நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்பார். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதுவரை இருபது நிமிடம் சம்பாதித்ததெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும்.

இதற்கு மாற்று வேண்டுமென்றால், அதே அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரில் 2007இல் வந்த ஓவியக் கண்காட்சி எபிசோடு இருக்கிறது. வரவேற்பாளர் பாம் மாலை வகுப்பில் ஓவியம் கற்கிறாள். வகுப்பின் கண்காட்சிக்கு அலுவலகத்தில் எல்லோரையும் அழைத்திருக்கிறாள். அநேகமாக யாரும் வரவில்லை. வந்த சக ஊழியர் ஒருவரும் அவருடைய துணைவரும், அவள் காதில் விழுவது தெரியாமல், இதெல்லாம் ஓவியமா என்கிற தொனியில் பேசிவிட்டுப் போகிறார்கள். பாம் படங்களைக் கழற்றத் தொடங்குகிறாள். அப்போது மைக்கேல் வந்து சேர்கிறார். அன்று பகலில் அவருக்கும் ஒரு வகுப்பறையில் பெரிய அவமானம் நேர்ந்திருக்கிறது. ஒரு படத்தின் முன்னால் நின்றுவிடுகிறார். அது அவர்களுடைய அலுவலகக் கட்டடம். தன் ஜன்னலை அடையாளம் கண்டுகொள்கிறார். அவருடைய முகத்தில் இருப்பது கலப்படமில்லாத வியப்பு. என்ன விலை என்று கேட்கிறார், அவளை நினைத்துப் பெருமைப்படுவதாகச் சொல்கிறார். பாம் அவரைக் கட்டிக்கொள்கிறாள். அந்த நொடியில் அவருடைய பையில் ஏதோ இடிக்கிறது. அது ஒரு சாக்லேட்.

மைக்கேல் இங்கே திருந்தி வேறு மனிதராகிவிடவில்லை. மனதில் தோன்றியதை வடிகட்டாமல் கொட்டிவிடும் அந்தக் குணம்தான் எத்தனையோ முறை பிறரைப் புண்படுத்தியது. இன்று பாராட்டாக வருகிறது. அவர் கண்ணை நிறைப்பது ஓர் எளிய அலுவலகக் கட்டடம். நெகிழ்வு வெளியிலிருந்து இறக்குமதியாகவில்லை, அவர்களுடைய வேலையிலிருந்தே வருகிறது. சாக்லேட்டில் வரும் சிரிப்பு முன்னால் நடந்ததைக் கெடுக்கவும் இல்லை. நெகிழ்ந்து முடித்த பிறகு வரும் சிறு சிரிப்பு பார்வையாளருக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்கிறது. நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே வெட்டினால் கோழைத்தனம். எழுதுகிறவர் தன் உணர்ச்சியைக் கண்டு வெட்கப்படுகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

துக்கத்தின் அருகில் சிரிப்பைக் கொண்டுபோக அஞ்சுவதும் தவறுதான். ஒரு தொலைக்காட்சி நிலையச் செய்திப் பிரிவில் நடக்கும் 'மேரி டைலர் மூர் ஷோ'வில் 1975இல் ஓர் எபிசோடு வந்தது. நிலையத்தின் கோமாளி நடிகர் ஓர் ஊர்வலத்தில் நிலக்கடலை வேடமிட்டுப் போகையில் யானையால் இறந்துபோகிறார். சக ஊழியர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேரி அவர்களைக் கண்டிக்கிறாள். இறுதிச் சடங்கில் எல்லோரும் அமைதியாக இருக்க, மேரிக்குத்தான் சிரிப்பு பீறிடுகிறது. இறந்தவருக்குப் பிறரைச் சிரிக்க வைப்பதுதானே பிடிக்கும், தயங்காமல் சிரியுங்கள் என்கிறார் பாதிரியார். கேட்ட மாத்திரத்தில் அவள் உடைந்து அழுகிறாள். டேவிட் லாய்ட் எழுதிய அந்த எபிசோடு எம்மி விருது பெற்றது.

அதே ஆண்டு, கொரியப் போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடரில், வீடு திரும்பிக்கொண்டிருந்த கர்னல் பிளேக்கின் விமானம் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி அறுவை அறைக்கு வருகிறது. திரைக்கதையின் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்புதான் நடிகர்கள் கண்ணில் காட்டினார்கள். செய்தி வந்தும் கைகள் நிற்பதில்லை, அறுவை தொடர்கிறது. அந்தத் தொடரில் ஒலிச்சிரிப்பு, அதாவது பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி, சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒளிபரப்பு நிறுவனம் வற்புறுத்தியபோதும், அறுவை அறைக் காட்சிகளில் அது வேண்டாம் என்பதில் தயாரிப்பாளர்கள் உறுதியாக இருந்தார்கள். எந்த இடத்தில் சிரிப்பு நுழையக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சில சிறிய தவறுகளும் உண்டு. பாத்திரங்கள் இடையிடையே கேமராவிடம் பேட்டி கொடுக்கும் ஆவணப்பட பாணியில் எடுக்கும்போது, நடந்த வேடிக்கையைப் பாத்திரம் கேமராவிடம் மறுபடி விளக்கக் கூடாது. செய்ததற்கும் சொல்வதற்கும் இடையே விரிசல் இருந்தால்தான் அந்தப் பேட்டிக்கு அர்த்தம். கேமராவை ஓரக்கண்ணால் பார்ப்பது எபிசோடுக்கு ஓரிரு முறை போதும். காதலர்களைப் பிரித்துவைக்க ஒவ்வொரு சீசனிலும் புதிய தவறான புரிதல் கண்டுபிடிப்பது பார்வையாளரின் பொறுமையோடு விளையாடுவது. அவர்களுடைய வேலையே அவர்களைப் பிரிக்கட்டும், இடமாற்றம், பதவி உயர்வு, வேறு ஊர்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. துப்புரவுப் பணியாளரின் பேச்சையும் கடைநிலை ஊழியரின் உடையையும் கேலி செய்து எழுதப்படும் சிரிப்பு மட்டமானது. அதிகாரம் கையில் இருக்கும்வரை ஒருவரைப் பார்த்துச் சிரிக்கலாம். டேவிட் பிரென்ட்டுக்கு வேலை போகும்போது அவர் தர்ம காரியத்துக்கான வேடிக்கை தினத்துக்காகப் போட்ட தீக்கோழி வேடத்தில் இருக்கிறார். அடுத்த எபிசோடில் வேலையைப் பறிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறார். அவரைப் பார்த்து இத்தனை நாள் சிரித்தவர்களால் அங்கே சிரிக்க முடிவதில்லை.

இன்னொன்று, நல்லெண்ணத்துக்கு விலையே இல்லாமல் செய்வது. எல்லோரும் எல்லோரிடமும் அன்பாக இருந்து, அதனால் யாருக்கும் எந்த இழப்பும் நேராவிட்டால் அந்த அன்பு வெறும் அலங்காரம். 'சூப்பர்ஸ்டோர்' தொடரின் முதல் சீசன் இறுதியில், பேரங்காடியில் வேலை பார்க்கும் செயென் என்ற சிறுபெண்ணுக்குக் கடையிலேயே பிரசவமாகிறது. அவளுக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கொடுக்க நிறுவனத்தின் விதியில் இடமில்லை. மேலாளர் கிளென் பயந்த சுபாவமுள்ளவர், விதியை மீறத் தெரியாதவர். அவர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: அவளைச் சம்பளத்துடன் பணியிடைநீக்கம் செய்கிறார். தண்டனைக்காக வைத்த விதி உதவியாக மாறும் அந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது. விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்து கிளெனின் வேலை பறிபோகிறது. ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கடையை விட்டு வெளியே நடக்கிறார்கள். இரண்டாம் சீசன் அந்த வேலைநிறுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.