நுளம்புக்கு வாங்கிய மருந்து, எல்லாப் பூச்சிக்கும் வேண்டாம்

மழை தொடங்கிவிட்டால் கொழும்பில் வீட்டுக்கு வீடு டெங்குப் பேச்சுதான். பயப்பட வேண்டிய நோய்தான். ஆனால் அந்தப் பயத்தில் வாங்கிய ஸ்பிரே நுளம்போடு நிற்பதில்லை; சிலந்தி, தும்பி, தேனீ, புழு என்று அசைவதெல்லாம் அதில் போய்விடுகிறது. உலகில் அறியப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் முள்ளந்தண்டிலிகள், அதாவது முதுகெலும்பு இல்லாதவை. நமக்குத் தொல்லை தருபவை அவற்றில் மிகக் கொஞ்சம்.

புகை அடித்தால் டெங்கு ஒழிந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய பிழை. அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பைத்தான் புகை கொல்லும். பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் பிரிட்ஜின் பின்தட்டிலும் நெளியும் குடம்பிகளுக்கு, அதாவது நுளம்பின் புழுப்பருவத்துக்கு, ஒன்றும் ஆகாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் பாத்திர விளிம்பில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை கட்டாயம்.

இதே பயத்தில் சிலர் சதுப்பு நிலங்களையும் நிரப்பச் சொல்கிறார்கள். கேட்கும்போது மனம் பதைக்கிறது. ஈடிஸ் தேடுவது வீட்டைச் சுற்றித் தேங்கும் சிறு தண்ணீரை. கொழும்பை ஒட்டிய தலங்கம, பெத்தகான சதுப்பு நிலங்களின் நீரில் மீன்கள் இருக்கின்றன, தும்பியின் இளம்பருவமும் இருக்கிறது. இரண்டும் நுளம்புக் குடம்பிகளைத் தின்பவை. மழை வெள்ளத்தைத் தாங்கி வைத்திருப்பதும் இந்த நிலங்கள்தான். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சமவாயம் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது சும்மா இல்லை.

சரி, மாடித் தோட்டத்துக்கு வருவோம். வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சாடியில் பூசணி வைத்திருந்தார். “பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுகுது தம்பி, மருந்தடிச்சும் சரிவரேல்ல” என்றார். மருந்தே காரணமாக இருக்கலாம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது. தேனீ வந்துதான் கொண்டுபோக வேண்டும். பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அவர் மருந்தடித்ததும் காலையில்தான். பூ விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள். உயரமான மாடிக்குத் தேனீ வராவிட்டால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடலாம். அக்கா இப்போது அதைத்தான் செய்கிறார், இரண்டு காய் பிடித்திருக்கிறது.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கொஞ்சம் இலை தின்னும், செடி திரும்பத் துளிர்க்கும். நாம் சம்பலுக்குக் கிள்ளும் இலையில் மருந்து அடிப்பது நமக்கும் நல்லதில்லை. ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

சருகைக் கூட்டி எரிப்பதும் வேண்டாம். மண்புழுவும் சரவட்டையும் அதைத்தான் தின்று மண்ணுக்கு உரமாக்குகின்றன.

பிறகு நத்தை. இங்கே பிழை மறுபக்கம்: எல்லா நத்தையும் ஒன்று என்று விட்டுவிடுவது. மழைக்குப் பின் மதிலில் ஏறும் பெரிய கபில நிற நத்தை ஆபிரிக்காவிலிருந்து வந்தது. ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழுவையும் சுமக்கக்கூடும். வெறுங்கையால் தொடாதீர்கள், கீரையை நன்றாகக் கழுவுங்கள். மண்ணில் உப்பைக் கொட்டினால் செடிதான் பட்டுப்போகும். கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புத் தண்ணீரில் போடுங்கள். ஆனால் ஈர வலயக் காட்டுப் பக்கம் போகும்போது, மரத்தில் வழவழப்பான அழகிய ஓட்டோடு ஒட்டியிருக்கும் நத்தை அக்காவஸ் என்ற வகையாக இருக்கலாம். அந்த வகை இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. படம் எடுத்துக்கொண்டு, அதை அந்த மரத்திலேயே விட்டுவிடுங்கள்.