தூக்க நோய்ச் சிகிச்சையும் இரத்தப் பரிசோதனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்சி ஈக்கடியால் பரவும் ஒட்டுண்ணி நோயான ஆப்பிரிக்கத் தூக்க நோயில் அடிக்கடி நேரும் தவறு, சிகிச்சை முடிந்தவரின் இரத்தத்தை மீண்டும் அட்டைப் பரிசோதனைக்கு (சிறு அட்டையின் மேல் செய்யப்படும் CATT பரிசோதனை) உட்படுத்தி, அதன் முடிவைக் கொண்டு அவர் குணமடைந்தாரா என்று தீர்மானிப்பதாகும். 1978இல் அறிமுகமான இப்பரிசோதனையில், ஒரு துளி இரத்தத்தைச் சாயமேற்றி உலர்த்திய ஒட்டுண்ணிகளுடன் கலக்கும்போது அவை திரண்டு கட்டிகளாகின்றனவா என்று பார்க்கிறார்கள். திரள்வதற்குக் காரணம் ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகளே. ஒட்டுண்ணி உடலில் இன்னும் இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. நோய் முற்றிலும் நீங்கிய பின்னரும் அந்த ஆன்டிபாடிகள் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும் என்பதால், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிராமங்களுக்கு வரும் நடமாடும் குழுவினர், முன்பு சிகிச்சை பெற்றாரா என்று கேட்காமல் ஒருவரைப் புதிய நோயாளியாகக் கொள்வது பெரும்பிழை. ஆர்செனிக் கலந்த மெலார்சோப்ரால் வழக்கிலிருந்த காலத்தில், மூளையைத் தாக்கும் கடும் எதிர்வினை அம்மருந்தைப் பெற்றவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு ஏற்பட்டது என்பதை நினைத்தால், தேவையற்ற மறுசிகிச்சையின் விலை விளங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி தென்படவில்லை என்றவுடன் நோய் போய்விட்டது என்று நிம்மதி அடைகிறோம். இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியான டிரிப்பனசோமா தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருப்பதால் இரத்தத்தில் அதன் எண்ணிக்கை அலை போல ஏறி இறங்குகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் காணப்படும் காம்பியன்ஸ் வகையில் அது பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும். மையவிலக்கில் சுழற்றி வடித்தெடுக்கும் நுட்பமான முறைகள் சாதாரண இரத்தத் தடவலைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையையும் காட்டும். ஆயினும் ஒட்டுண்ணி மூளைத் தண்டுவடத் திரவத்தில் மட்டும் எஞ்சியிருந்தால் எவ்வளவு கூர்மையான இரத்தப் பரிசோதனையாலும் அதைப் பிடிக்க இயலாது. ஒட்டுண்ணி மூளையை எட்டாத முதல் கட்ட நோய்க்கான பென்டமிடின் மருந்து மூளைக்குள் போதிய அளவு செல்வதில்லை என்பதால், நோயின் கட்டம் தவறாகக் கணிக்கப்பட்டவர்களிடம் இரத்தம் தெளிந்தும் நோய் தொடரலாம்.

ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையையும் இவ்விடத்தில் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. குணமானவர்களிடமும் அந்த டிஎன்ஏ நீண்ட காலம் கண்டறியப்பட்டிருக்கிறது.

வெள்ளணு எண்ணிக்கை என்ற சொல்லாலும் குழப்பம் நேர்கிறது. நோயின் கட்டத்தையும் மறுதாக்குதலையும் கணிக்க உதவுவது தண்டுவடத் திரவத்தின் வெள்ளணு எண்ணிக்கையாகும். ஒரு மைக்ரோலிட்டரில் 5க்கு மேல் இருந்தால் பொதுவாக நோய் மூளையை எட்டிய இரண்டாம் கட்டமாகக் கொள்வர். இரத்தத்தின் வெள்ளணுக்களோ மருந்தின் பக்கவிளைவைக் காட்டுவன: ஃபெக்சினிடசோல் மாத்திரை நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும், எஃப்ளோர்னிதின் எலும்பு மச்சையை நலிவடையச் செய்யக்கூடும். அவை சரிந்தால் நோய் மீண்டது என்றோ, இயல்பாக இருந்தால் நோய் நீங்கியது என்றோ பொருளில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் ரோடீசியன்ஸ் வகைக்கு மேற்சொன்ன அட்டைப் பரிசோதனை பொருந்தவே பொருந்தாது. எந்த வகையாயினும், சிகிச்சைக்குப் பின் தலைவலியோ தூக்கக் குலைவோ நடத்தை மாற்றமோ தோன்றினால், இரத்த அறிக்கை தெளிவாக இருந்தாலும் முதுகில் ஊசியிட்டுத் தண்டுவடத் திரவத்தை எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.