ஆடிப்பெருக்குப் புளியோதரை: கை தவறும் இடங்கள்

புளியோதரை சுடச்சுடச் சாப்பிடுகிற பண்டம் இல்லை. விடியற்காலையில் கிளறி, தூக்கில் அடைத்து, ஆற்றங்கரைக்குப் போய், பூசை முடித்து, பதினொன்று பன்னிரண்டு மணிக்கு இலையில் வைப்பது. வீட்டில் செய்யும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால்தான் வருகின்றன. அடுப்படியில் நின்று ருசி பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்லி மூடி வைத்தால், உச்சி வேளையில் அது சரியாக இருக்காது. ஆறிய பிறகு எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் அரிசி களைவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆடி 18, ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். கும்பகோணம் பகவத் படித்துறை, திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை, மயிலாடுதுறை துலாக்கட்டம் எங்கே போனாலும் காதோலை கருகமணியோடு சித்ரான்னமும் வந்திறங்கும். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், ஒரு சர்க்கரைப் பொங்கல். இவற்றில் புளியோதரையில்தான் சிக்கல் அதிகம். அதனால் மற்றவற்றைக் கடைசியில் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தவறு அரிசியில்

"உங்க புளிக்காய்ச்சலுக்கு என்ன பொடி போடுறீங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என்ன அரிசி, எத்தனை மாதம் பழசு என்று யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் பாதி வேலை அங்கேதான் முடிகிறது.

டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில் வரும். அந்தப் புது அரிசி பொங்கலுக்கு அமிர்தம். குழையும், பால் போல நுரைக்கும், நெய்யோடு சேரும். அதே குணம் புளியோதரைக்கு ஆகாது. வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கிளறினால் களி. ஆறேழு மாதமாவது கிடந்த அரிசி தண்ணீரை அதிகம் குடிக்கும், பருமனாக மலரும், ஆனால் பருக்கை தனித்தே நிற்கும். ஒரு வருடம் கிடந்ததென்றால் இன்னும் நல்லது. கடையில் "பழைய அரிசியா?" என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு பிடி வாங்கி வந்து வடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் மூட்டை எடுப்பது புத்திசாலித்தனம்.

ரகம் என்று பார்த்தால் பொன்னி பச்சரிசி போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி இன்றும் நம் பக்கத்துச் சமையலறைகளில் நிற்கிறது. ஆடுதுறை 43-உம் சன்னமாக, உதிரியாக வரும். பொன்மணி என்கிற சி.ஆர். 1009 குண்டு அரிசி, அதை இட்லிக்கு விட்டுவிடலாம். சீரகச் சம்பாவை இதற்கு எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கென்று ஒரு வாசனை இருக்கிறது, பெருங்காயத்தோடு அது சண்டை போடும். பிரியாணிக்கு அது ராஜா, அங்கேயே இருக்கட்டும். புழுங்கலரிசியில் செய்தால் உதிர்வாக வரும் என்பது உண்மைதான். ஆனால் நைவேத்தியத்துக்குப் பச்சரிசிதான் வழக்கம். அதோடு புழுங்கலுக்கு உள்ளே புளி இறங்கவும் நேரமாகும்.

அடுத்தது வேக்காடு. குழைந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் அரிசியை நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிடுகிறார்கள். சூட்டில் அது அழகாகத்தான் தெரியும். சாதம் ஆற ஆற அதிலுள்ள மாவுச்சத்து இறுகும். முக்கால் வேக்காட்டில் இறக்கியது நண்பகலில் விதை விதையாகப் பல்லில் இடறும். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் முழுதாக மசிய வேண்டும், விரலில் பசையாக இழுபடக் கூடாது. அதுதான் பதம். குக்கரில் வைப்பவர்கள் பழைய பச்சரிசி ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் தொடங்கி, உங்கள் அரிசிக்கு ஏற்ப அரைக்கால் டம்ளர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நேரம் இருந்தால் பானையில் நிறையத் தண்ணீர் விட்டு வடித்துவிடுவதே மேல். ஒட்டுகிற மாவெல்லாம் கஞ்சியோடு போய்விடும்.

வெந்த சாதத்தைக் குக்கரிலேயே வைத்துக் கிளறுவது இன்னொரு தவறு. அகலமான தாம்பாளத்தில் பரப்பி, சூடாக இருக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நாலைந்து கறிவேப்பிலை போட்டுப் பிசறி விட்டுவிட வேண்டும். எண்ணெய் பருக்கை மேல் படிந்தால் ஒட்டாது. சீக்கிரம் ஆறட்டும் என்று மின்விசிறிக்கு அடியில் வைக்காதீர்கள். மேல் சாதம் காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும், அடிச் சாதம் வேர்த்திருக்கும்.

காய்ச்சலை அவசரப்படுத்துவது

அரைக் கிலோ அரிசிக்கு 75 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய், பத்துப் பன்னிரண்டு மிளகாய் வற்றல், நாலு தேக்கரண்டி கல்லுப்பு. இதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு நாக்குக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

புளி பழம்புளியாக இருக்கட்டும். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், வெடுக்கென்று புளிக்கும், நிறமும் கொடுக்காது. போன வருடத்துப் புளி கறுத்திருக்கும், புளிப்பு சற்று அடங்கியிருக்கும். வெந்நீரில் ஊற வைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்ட வேண்டும். ஒன்றரை டம்ளருக்கு மேல் தண்ணீர் போனால் சுண்டுவதற்கே அரை நாள் ஆகும். பாட்டிலில் வரும் புளி விழுதைப் போடுகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் அதில் உப்பு சேர்த்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டுப் பிறகு குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

எண்ணெயில்தான் பலர் கையைச் சுருக்குகிறார்கள். புளியோதரைக்கு நல்லெண்ணெய் வெறும் தாளிக்கிற எண்ணெய் இல்லை, அது பண்டத்தின் பாதி. ஆறிய பிறகும் சாதம் மெத்தென்று இருப்பதற்கும், காய்ச்சல் கெடாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். கடலை எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ செய்தால் அது புளிசாதம், சாப்பிடலாம். ஆனால் கோயில் மடப்பள்ளி வாசனையை அதில் தேடக் கூடாது.

எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கட்டிப் பெருங்காயம், கடலைப்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை. பெருங்காயத்தைக் கொதிக்கும் புளியில் தூவினால் பச்சை நாற்றம்தான் நிற்கும். கடையில் கிடைக்கும் கட்டியிலும் தூளிலும் மாவும் கோந்தும் கலந்திருக்கும், எண்ணெயில் பொரிந்து உப்பினால்தான் உள்ளேயிருக்கும் மணம் வெளியே வரும். மிளகாய் கறுக்கக் கூடாது. கருஞ்சிவப்போடு நிறுத்திப் புளிக்கரைசலை ஊற்றிவிட வேண்டும். மஞ்சளும் உப்பும் அப்போதே.

இனிமேல் பொறுமை. முதலில் பெரிய பெரிய கொப்புளங்களாகக் கொதிக்கும். அடுப்படி முழுக்கப் பச்சைப்புளி நெடி. பத்து நிமிடம் கழித்துக் கொப்புளம் சிறிதாகும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் "பொத் பொத்" என்று கையில் தெறிக்கும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் இறக்கிவிடுகிறார்கள். இன்னும் ஐந்து பத்து நிமிடம் சின்னத் தீயில் விட வேண்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உடனே மூடாமல், அதற்குள் எண்ணெய் மட்டும் ஊறி நிற்கும். அதுதான் அடையாளம். சுண்டாத காய்ச்சலில் தண்ணீர் மிச்சம் இருக்கும், அந்தத் தண்ணீர் சாதத்தைக் குழைக்கும், சீக்கிரம் கெடுக்கும். பச்சை வாடையும் ஆறிய பிறகுதான் நன்றாகத் தெரியும்.

காய்ச்சல் வைக்கக் கல்சட்டிக்கு ஈடில்லை. இல்லாவிட்டால் அடிகனமான எவர்சில்வர். அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் புளி அரிக்கும். கும்பகோணத்தில் ஆசையாக வாங்கின பித்தளைப் பாத்திரமாக இருந்தாலும் உள்ளே ஈயம் தேய்ந்திருந்தால் புளிப் பண்டத்துக்கு எடுக்க வேண்டாம். இரும்பு வாணலியில் வைத்தால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

பொடி

மல்லி விதை இரண்டு மேசைக்கரண்டி, கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, மிளகாய் இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதுதான் தவறு. மல்லி வாசம் வருவதற்குள் எள் கருகிவிடும், மிளகு சூடாவதற்குள் வெந்தயம் கசந்துவிடும். தனித்தனியாக, வெறும் வாணலியில், சின்னத் தீயில். வெந்தயம் செம்பழுப்பாகி மணம் எழும்பிய உடனே தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். வாணலியின் சூட்டிலேயே அது இன்னும் ஒரு படி போகும். ஒரு தேக்கரண்டி வெந்தயம் கருகினால் அரைக் கிலோ சாதமும் கசக்கும். கருகியதைக் கொட்டிவிட்டு வேறு வறுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பொடியைக் காய்ச்சலோடு கொதிக்க விடாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகு பாதி, சாதத்தில் கலக்கும்போது மீதி. சாம்பார்ப் பொடியைப் போட்டு ஒப்பேற்றினால் வருவது குழம்புச் சாதம்.

உப்பும் கலக்கும் நேரமும்

காய்ச்சலைத் தனியாக நாக்கில் வைத்தால் உப்பும் புளிப்பும் முகம் சுளிக்க வைக்க வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து உப்பைக் குறைப்பவர்கள், கலந்த பிறகு மேலே தூளுப்பைத் தூவிக் கிளறுகிறார்கள். அது பருக்கைக்குள் இறங்காமல் அங்கங்கே கரிக்கும். உப்பு காய்ச்சலோடு கரைந்தே போக வேண்டும். உப்பை மறந்தே போனாலும் குற்றம் சொல்லாத சன்னிதி நம் பக்கத்தில் உப்பிலியப்பன் கோயில் ஒன்றுதான்; அங்கே பெருமாளுக்கு நைவேத்தியமே உப்பில்லாமல். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. சுண்டைக்காய் அளவு வெல்லம், புளிப்பின் கூர்மையை மழுக்க மட்டும். இனிப்பு தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம்.

சாதம் வெதுவெதுப்பாக இருக்கும்போது கலக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் பருக்கை உடையும், முழுதாக ஆறிவிட்டால் புளி இறங்காது. முதலில் முக்கால் பங்கு காய்ச்சல் போதும். கரண்டியால் அழுத்தாமல், கையை விரித்து அடியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், அப்புறம் சாதத்தில் தேட வேண்டியிருக்கும்.

கலந்த உடனே ருசி பார்த்து முடிவு செய்வதுதான் பெரிய ஏமாற்றம். அப்போது காய்ச்சல் பருக்கையின் மேல்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் நாக்கில் படுவதால் தூக்கலாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் சாதம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், சப்பென்று ஆகும். அதற்குத்தான் கால் பங்கு காய்ச்சல் மீதி. கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாய் பார்த்து அதைச் சேர்க்கலாம். சூட்டில் ஒரு இழை அதிகமாகத் தோன்றுவதே ஆற்றங்கரையில் அளவாக இருக்கும்.

வறுத்த வேர்க்கடலையை முதலிலேயே போட்டால் நமத்துப்போகும். அதைக் கட்டும்போது கடைசியாக. கடலைப்பருப்பு ஊறி மெத்தென்று ஆவது சிலருக்குப் பிடிக்கும், எனக்கும் அதுதான்.

கட்டுவதில் இரண்டு விஷயம். முழுதாக ஆறாமல் மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டும் தண்ணீர் சாதத்தை நசநசக்க வைக்கும். அலுமினியத் தாளில் சுற்றினால் புளி அதில் ஓட்டை போடும். வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டிக் கட்டினால் இலை கிழியாது, வாசனையும் சேரும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது வேண்டவே வேண்டாம். அந்தக் குளிரில்தான் சாதம் சீக்கிரமாக விறைக்கும்.

மற்ற சாதங்கள்

எலுமிச்சைச் சாதத்தில் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றுவது, தோல் வரைக்கும் அழுத்திப் பிழிவது இரண்டுமே கசப்பைக் கொண்டுவரும். தாளிப்பை இறக்கி, சூடு தணிந்த பிறகு சாறு. மஞ்சள்தூள் மட்டும் எண்ணெயிலேயே வதங்கிவிட வேண்டும்.

தேங்காய்ச் சாதத்தைக் கடைசியாகச் செய்து முதலில் சாப்பிட வேண்டும். வெயில் ஏறினால் தேங்காய் ஊசிவிடும். துருவலைத் தேங்காய் எண்ணெயில் ஈரம் போகும் வரை வதக்கினால் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். தயிர் சாதத்துக்குக் காலையில் பாலைத் தாராளமாக விட்டுப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் போட்டால் போதும், போய்ச் சேர்வதற்குள் அதுவே தயிராகிவிடும். தயிரிலேயே பிசைந்து கொண்டுபோனால் புளியோதரைக்குப் போட்டியாகப் புளிக்கும்.

கலந்த புளியோதரையைப் புளியும் எண்ணெயும் காக்கும் என்று நம்பி மறுநாள் வரை வெளியே வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரவுக்குள் தீர்த்துவிடுங்கள். சமைத்த சாதம் வெளியே கிடந்தால் அதில் கிருமி பெருகும், மறுபடி சூடு செய்தாலும் அது விட்ட நச்சு போகாது. காய்ச்சல் மட்டும் தனியாக இருந்தால் கவலையில்லை. பீங்கான் ஜாடியில் மேலே எண்ணெய் மிதக்கும்படி வைத்து, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் வாரக்கணக்கில் நிற்கும். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் கெட்டி அவலைத் தண்ணீரில் அலசி, பிழிந்து, பத்து நிமிடம் வைத்து, இரண்டு கரண்டி காய்ச்சலும் மிஞ்சிய பொடியும் போட்டுப் பிசறினால் புளி அவல். அடுப்பே மூட்ட வேண்டாம்.