டர்பனில் பிரஷரைச் சரியாக அளப்பதும் அடக்குவதும்

டாக்சியில் நெருக்கியடித்து வந்து இறங்கியதுமே கையை நீட்டினால் பிரஷர் கூடத்தான் காட்டும். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, சிகரெட் வேண்டாம். கை மேசைமேல் இருக்கட்டும். கையில் சுற்றும் கருவிப் பட்டை வெறும் தோலில், நெஞ்சு மட்டத்தில் வரவேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக ஏறும். பெரிய பட்டையைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பேசாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து இரண்டையும் எழுதுங்கள். வெவ்வேறு நாளிலும் 140/90-க்குக் குறையாவிட்டால் சிகிச்சை தேவை. 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வாய் கோணினால், பேச்சு குழறினால், அளந்துகொண்டே நிற்காதீர்கள்.

உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள். ரொட்டி உப்புக்கு 2016-லிருந்து தென்னாப்பிரிக்கச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நாம்தான் வரம்பு. கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றுங்கள், குழம்பில் தனி உப்பு வேண்டாம். புளியும் கறிவேப்பிலையும் தூக்கலாக இருந்தால் நாக்கு கேட்காது.

அரசு கிளினிக்கில் மாத்திரை இலவசம். உடம்பு நன்றாயிருக்கிறதென்று நிறுத்துவதுதான் பக்கவாதத்துக்கு வழிவிடுகிறது. நீர் மாத்திரையைக் காலையில் போடுங்கள், ராத்திரி எழவேண்டியிராது. பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரிலால் வறட்டு இருமல், அம்லோடிபினால் கணுக்கால் வீக்கம் வரலாம். நர்ஸிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார்கள். மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் வேண்டாம், அது பிரஷரை ஏற்றும். ஒரு வார மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.