பழைய ஸ்விஃப்ட் வாங்கும் முன்: எதைப் பார்ப்பது, எவ்வளவு ஆகும்

இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் 2011 ஆகஸ்டில் வந்தது; 2018 பிப்ரவரியில் அடுத்த மாடல் வரும்வரை விற்பனையில் இருந்தது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படியான வண்டி, உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோல் ஸ்விஃப்டையும் டீசல் ஸ்விஃப்டையும் ஒரே வண்டியாக நினைத்துப் பார்க்கப் போகாதீர்கள். பெட்ரோலில் வருகிற கோளாறு பெரும்பாலும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். டீசலில் எல்லாமே முந்தைய ஓனர் ஆயிலை ஒழுங்காக மாற்றினாரா என்பதைப் பொறுத்தது.

இங்கே சொல்லும் தொகைகள் தமிழ்நாட்டில் வெளிப் பட்டறையில், ஒரிஜினல் பார்ட்ஸ் போட்டு, கூலியும் சேர்த்து ஆகும் உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னும் கூடும்.

டீசல் இன்ஜின் சத்தத்தைக் குளிர்ந்த நிலையில் கேளுங்கள்

காலையில் போங்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இருப்பது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் ‘செயினுக்குச் செலவே இல்லை’ என்று விற்பவர் சொல்வார். பாதிதான் உண்மை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ, மாற்றாமல் விட்டுக் கெட்டியானாலோ டென்ஷனர் தளரும், செயின் தேய்ந்து நீளும். ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் டைமிங் கவர் பக்கம் கரகரவென்று உலோகச் சத்தம் வந்தால் அதுதான். அந்த நிலையில் செயின் கிட் மாற்ற 12,000 முதல் 20,000 ரூபாய் ஆகும். அப்படியே ஓட்டி, செயின் பல் தாண்டினாலோ அறுந்தாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். ஹெட் வேலை 50,000 ரூபாயைத் தாண்டும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில் இல்லாத டீசல் வண்டிக்கு, சத்தம் இல்லாவிட்டாலும், செயின் கிட் காசை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து, இழுவை இல்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது என்ற புகார். உடனே ‘டர்போ போச்சு’ என்பார்கள் (டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்). ரீகண்டிஷன் டர்போவே 15,000 ரூபாய்க்கு மேல் என்பதால், அதில் கை வைக்குமுன் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ காற்றைக் குளிர வைக்கும் பாகத்தின் குழாய்): கிழிந்து காற்று வெளியேறினால் இதே அறிகுறிதான் வரும், செலவு இரண்டு மூன்றாயிரம். அடுத்து இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது): கரி அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய 1,500 முதல் 2,500. கடைசியாக, டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர். நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் ஒரே அளவு பாட்டிலை மாட்டி, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட விட்டால், எதில் டீசல் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. ஒன்றை ரீகண்டிஷன் செய்ய 4,000 முதல் 7,000 வரை.

பெட்ரோல் வண்டியில் இவ்வளவு தலைவலி இல்லை. ஐட்லிங் ஏறி இறங்கினால், இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி அழுக்கு; சுத்தம் செய்ய ஆயிரத்துக்குள் முடியும். குலுங்கி இழுத்தால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று போயிருக்கும், 1,500 முதல் 2,500. எது போனது என்று அறிய, சந்தேகப்படும் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் பி0301 (முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை) என்றிருந்த கோளாறு எண் பி0302 (இரண்டாவது சிலிண்டர்) ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் அந்த சிலிண்டர் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

ஓட்டும்போது

நான்காவது கியரில் நாற்பதில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. டீசலில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை குறைவு என்பதால் நெரிசலில் பலரும் கிளட்சிலேயே ஓட்டுவார்கள். அதனால் சிட்டி வண்டியில் சீக்கிரம் தேயும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பெட்ரோலுக்கு 7,000 முதல் 10,000, டீசலுக்கு 10,000 முதல் 15,000. பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது வீண். கியர்பாக்ஸ் இறக்கும் கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

பிறகு சின்னக் குழிகள் உள்ள சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். முன்பக்கம் ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு. ஜோடி 1,500 முதல் 2,500. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் தட்டினால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். ஸ்டீரிங்கில் கையிலேயே கடகடப்பு தெரிந்தால், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீரிங் ராக். புஷ் மாற்றிச் சரிசெய்தால் 3,000 முதல் 5,000, முழு ராக் என்றால் 15,000க்கு மேல். இந்தச் சத்தங்களை வைத்து வண்டியை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைக்கப் பயன்படுத்துங்கள்.

ஏசியை இருபது நிமிடம் ஓட விடுங்கள். விற்பதற்கு முன் கேஸ் மட்டும் நிரப்பிக் கொடுப்பது பழைய தந்திரம். கூலிங் காயிலில் ஓட்டை இருந்தால் சில வாரத்தில் மறுபடி காற்றாடிதான். ‘போன மாதம்தான் கேஸ் போட்டேன்’ என்று பெருமையாகச் சொன்னால் ஏன் போட வேண்டி வந்தது என்று கேளுங்கள். காயில் மாற்ற டாஷ்போர்டில் கை வைக்க வேண்டும், 6,000 முதல் 9,000 வரை ஆகும்.

ரிப்பேர் செய்து பயனில்லாதவை

சென்னைப் பதிவு வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்குங்கள், சீட் போல்ட்டில் துரு தேடுங்கள். நனைந்த வயரிங்கும் இ.சி.யு.வும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எப்போது மக்கர் செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. அடிமாட்டு விலைக்கு வந்தாலும் வேண்டாம். முன்பக்க சேஸிஸ் வளைந்து நிமிர்த்திய வண்டியும் அப்படியே.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டர் தெரியும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ‘முப்பதாயிரம்தான் ஓடியது’ என்கிற வண்டியில் நான்கு டயரும் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

2013 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி தொடக்கம் வரை தயாரான வண்டி என்றால், எரிபொருள் நிரப்பும் குழாய்க்காக மாருதி திரும்ப அழைத்த தொகுப்பில் அது இருக்கலாம். மாற்றியாகிவிட்டதா என்று அதே சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள்.

பணம் கொடுக்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால் அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35ம் வங்கியின் கடன் தீர்ந்த கடிதமும் கைக்கு வரும்வரை முழுத்தொகையைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.