மருந்துச் சேர்க்கை ஆய்வில் பிள்ளையைச் சேர்க்கும் முன்: திருகோணமலைப் பெற்றோருக்கு

வழமையான சிகிச்சைக்குப் பின்னும் குருதிப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டிய பிள்ளைக்கு, புதிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வொன்றில் இடம் இருப்பதாக வைத்தியர் சொன்னால், கையெழுத்திடுவதற்கு முன் யோசிக்க அவகாசம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அது எத்தனையாம் கட்ட ஆய்வு என்பதே முதற் கேள்வி. முதற்கட்டத்தில் முக்கியமாகத் தேடப்படுவது உடல் தாங்கும் அளவு: பெரும்பாலும் மூன்று பேருக்கு ஓர் அளவைக் கொடுத்து, கடும் பாதிப்பு வராவிட்டால்தான் அடுத்த மூவருக்குக் கூட்டுவார்கள். இரண்டாம் கட்டம் நோய் அடங்குகிறதா என்று பார்க்கும். மூன்றாம் கட்டம் பழைய சிகிச்சையோடு ஒப்பிடும். முதற்கட்டத்தில் சேரும் பிள்ளை குணமாகும் என்று எவராலும் உறுதி தர முடியாது. இதை எழுதவே மனம் கனக்கிறது, ஆனாலும் தெரிந்துகொண்டே நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு மருந்து போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 1948இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் மருந்தால் சில பிள்ளைகளின் நோயை அடக்கியபோது, அது சில மாதங்களிலேயே திரும்பிவிட்டது. 1960களில் வின்கிரிஸ்டின், மெதோட்ரெக்ஸேட், மெர்கப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கொடுத்த பிறகே, ஒன்றுக்குத் தப்பிய கலங்கள் மற்றொன்றுக்கு அகப்பட்டு, நீண்டகாலப் பலன் கிட்டத் தொடங்கியது.

சேர்க்கையால் கெடுதலும் வரலாம். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், ஈரல் வின்கிரிஸ்டினை அகற்றுவதைத் தாமதப்படுத்துவதால், நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் தளரும், கடும் மலச்சிக்கலும் வரும். ஆகவே பிள்ளை விழுங்கும் ஒவ்வொரு குளிசையையும், அம்மம்மா காய்ச்சிக் கொடுக்கும் கஷாயத்தையும்கூட, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுங்கள்.

பலனை எப்படி அளப்பார்கள் என்றும் கேளுங்கள். குருதிக் கலங்கள் உருவாகும் என்புமச்சையில் பத்தாயிரம் கலங்களில் ஒரு நோய்க்கலம் மிஞ்சியிருந்தாலும் இன்றைய பரிசோதனைகள் கண்டுபிடித்துவிடும். பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதையே அழுத்திக் கேட்க வேண்டும்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இங்கிருந்து ஒரு பகலோ இரவோ பயணம் என்பதால், ஆய்வு மருந்துகளின் பெயர்களையும் ஆய்வு வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். காய்ச்சல் 38 பாகையை எட்டினால், அந்தக் கொப்பியோடு உடனே திருகோணமலை வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.