மானியத்துக்கு மனுப் போடும் முன் பாஸ்புக்கை எடுங்கள்

கருவூலத்தில் பில் பாஸ் பண்ணியே தேய்ந்த கை என்னுடையது. ஓய்வு பெற்றபின் சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்கு மானியக் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் நீட்டுவது போட்டோ ஆல்பம். நான் கேட்பது பாஸ்புக். நல்ல மனசுக்காரர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. போன வருஷத்து வவுச்சரைக் கேட்டதும் எடுத்துத் தருகிறவர்கள்தான் குறைவு.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளியை வைத்தே சொல்கிறேன். இதற்கு மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் இ-அனுதான் இணையதளத்தில். நிறுவனம் பதிவாகிக் குறைந்தது 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றும் வேண்டும். அது இல்லாமல் இல்லமோ பள்ளியோ நடத்துவதே தவறு. நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் எண், அதாவது தொண்டு நிறுவனங்களுக்கான இணையதளப் பதிவு எண், இல்லாமல் எந்த மத்திய மானியத்துக்கும் கதவு திறக்காது. அதை வாங்க நிறுவனத்தின் பான் எண்ணோடு நிர்வாகிகள் மூவரின் பான், ஆதார் விவரமும் தேவை.

பாதிப் பேர் சறுக்குவது பெயரில். டிரஸ்ட் பத்திரம் தமிழில் இருக்கும். பான் அட்டையில் ‘இல்லம்’ என்பதற்கு இங்கிலீஷில் இரண்டு ‘எல்’. வங்கிக் கணக்கில் ஒரே ‘எல்’. தர்ப்பணில் ‘சாரிட்டபிள்’ என்ற சொல்லே காணாமல் போயிருக்கும். நமக்கு எல்லாம் ஒரே இல்லம்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று நிறுவனம். பத்திரம், பான், வங்கி, தர்ப்பண், மத்திய அரசுப் பணம் வந்துசேரும் இணையதளமான பிஎஃப்எம்எஸ் ஆகிய ஐந்தையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் மனுவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது பணம். ஆமாம், பணம் வாங்கவும் பணம் வேண்டும். இந்தத் திட்டத்தில் அதிகபட்சம் 90 சதவீதம்தான் தருவார்கள். வருஷச் செலவு 12 லட்சம் என்று அனுமதியானால் 1 லட்சத்து 20 ஆயிரம் உங்கள் பங்கு. அதைவிடப் பெரிய தலைவலி, காலம். ஆய்வு, பரிந்துரை, அனுமதி என்று கோப்பு நகர்ந்து பணம் கணக்கில் விழும்வரை டீச்சருக்கும் ஆயாவுக்கும் சம்பளம் நிற்கக் கூடாது. ஆறு மாசச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பட்ஜெட்டைத் திட்ட விதிகளில் உள்ள தலைப்புகளிலேயே போடுங்கள். விதியில் இல்லாத ஆண்டு விழாவை ‘இதர செலவு’க்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள், கோப்பு பார்க்கிறவர் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான். ஒரே வேலைக்கு இரண்டு துறையில் மானியம் வாங்குவதும் ஆகாது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காபி, சால்வையெல்லாம் இரண்டாம்பட்சம். பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண், சம்பளம் வங்கி வழியாகப் போன விவரம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பதிவேட்டில் 30 பிள்ளைகள், அடுப்பில் 18 பேருக்குச் சாப்பாடு என்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

“சாங்ஷன் வாங்கித் தர்றேன் சார், பத்து பர்சென்ட்” என்று வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பத்துக்கு எந்தத் தலைப்பில் வவுச்சர் போடுவீர்கள்?

பணம் வந்தபிறகுதான் உண்மையான வேலை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இங்கே வேதம். நிர்வாகக் குழுவினர் நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிபந்தனை மீறினால் பொறுப்பு கூட்டாகவும் தனித்தனியாகவும் விழும். ‘சும்மா பேருக்கு’ டிரஸ்டியான மச்சானிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று, அதாவது யூசி, போக வேண்டும். நான் அவ்வளவு நாள் விடமாட்டேன். ஆடிட் முடிந்த கையோடு யூசியில் கையெழுத்து வாங்கிவிடுவேன். அது போகாமல் அடுத்த மானியம் நகராது.

மானியப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைப்பது நல்லது. முன்பணமாக வந்த மானியத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி அரசுக்குச் சொந்தம். கணக்கு முடித்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். நன்கொடையோடு கலந்துவிட்டால் எந்த வட்டி யாருடையது என்று பிரிக்கவே ஆடிட்டருக்குத் தனி ஃபீஸ் ஆகும்.

மானியத்தில் வாங்கிய பொருளுக்குச் சொத்துப் பதிவேடு போடுங்கள். நாற்காலியின் அடியில் பெயின்டால் திட்டத்தின் பெயர், வருஷம், வரிசை எண் எழுதி, அதே எண்ணைப் பதிவேட்டிலும் பில்லின் மூலையிலும் குறியுங்கள். உடைந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடக் கூடாது. துறையின் அனுமதி வந்தபிறகுதான் பதிவேட்டிலிருந்து கழிக்கலாம். அதற்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.